எண்ணூறு கிராம்

சான்றிதழில் அறுபத்தாறு பேர் என்று இருந்தது.

"சார், எங்க லிஃப்டுக்குள்ள ஒன்பது பேர் நிக்கிறோம். கதவு சாத்த மாட்டேங்குது. மணி அடிச்சுக்கிட்டே இருக்கு" என்றார் தொலைபேசியில் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். "லிஃப்ட்ல கோளாறா, இல்ல நீங்க கொடுத்த காகிதத்துல கோளாறா?"

அந்த மணிச் சத்தம் லிஃப்ட் ஆய்வாளரின் காதிலும் விழுந்தது.

"எதுக்குங்க ஒன்பது பேர் ஏறினீங்க? அது ஆறு பேர் லிஃப்ட்."

"அறுபத்தாறு பேர்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கண்ணாடி போட்டு உள்ளேயே மாட்டிட்டோம். இன்னும் ஐம்பத்தேழு பேருக்கு இடம் இருக்குன்னு மூணாவது மாடிக்காரர் வேற நக்கல் பண்றார்."

"மூணு பேர் இறங்குங்க. நான் வேற சான்றிதழ் அனுப்புறேன்."

"அப்போ இதைக் கழட்டிடணுமா?"

"உடனே கழட்டுங்க."

"ஒரு வாரம் இருக்கட்டுமே சார். பக்கத்துக் கட்டடத்துல வெறும் எட்டுதான்."

ஆய்வாளர் தொலைபேசியை வைத்துவிட்டுத் தன் முன்னால் திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தார். பத்தொன்பது வருட வேலையில் அவர் போட்ட கணக்கில் ஒரு புள்ளி பிசகியதில்லை. ஆறு என்ற எண்ணை அவர் ஒரு முறைதான் தட்டினார். ஆனால் அந்த விசை, தட்டினோமா இல்லையா என்று விரலுக்கே சொல்லாத ரகம். சந்தேகத்துக்கு இன்னொரு முறை தொட்டிருக்கிறார். அறுபது பேர் அதிகமாக ஏறிவிட்டார்கள்.

லேப்டாப் அப்படியொன்றும் கெட்டதில்லை. நடுத்தர அளவு நாட்குறிப்பு போல இருக்கும். எண்ணூறு கிராம். மூடி வைத்தால் மேசையில் ஏதோ அழைப்பிதழ் கிடக்கிறது என்று நினைப்பார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு அவருடைய பிறந்த நாளன்று மனைவி கொடுத்த பரிசு அது.

அந்தப் பரிசின் அருமை தெரிய வேண்டுமென்றால் அவருடைய வேலையின் வினோதம் தெரிய வேண்டும். லிஃப்டைச் சோதிக்க வேண்டுமானால் லிஃப்டை நிறுத்த வேண்டும். மோட்டார் இருக்கும் அறையோ மொட்டை மாடிக்கும் மேலே. ஆகவே ஊரிலுள்ள லிஃப்டுகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பான மனிதர், ஆயுள் முழுக்கப் படிக்கட்டில்தான் ஏறிக்கொண்டிருந்தார். அவர் தோளில் அலுவலகம் கொடுத்த பழைய லேப்டாப்பும் கூடவே ஏறியது. மின்னூட்டியோடு சேர்த்து மூன்றரைக் கிலோ. அலுவலகத்தில் அதற்குக் குண்டன் என்று பெயர். பத்து வருடத்தில் குண்டன் அவருடைய வலது தோளை ஒரு விரல் கீழே இறக்கியிருந்தது. சட்டை தைப்பவரே அதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் மனைவி கவலைப்பட ஆரம்பித்தாள்.

"இது உங்களுக்கு" என்று அவள் கொடுத்தபோது அவர் தூக்கிப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லையோ என்றுதான் முதலில் நினைத்தார்.

"எவ்வளவு ஆச்சு?"

"பரிசுக்கு விலை கேக்கக் கூடாது."

"பெட்டி ஏற்கெனவே பிரிச்ச மாதிரி இருக்கே."

"நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னு எல்லாம் நானே போட்டு, சார்ஜ் பண்ணி வச்சிருக்கேன். திறந்தா வேலை செய்யும்."

மனைவி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எல்லாவற்றையும் இரண்டு முறை கூட்டிப் பார்க்கும் சுபாவம். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவருக்காக ஒரு பொருளை இவ்வளவு யோசித்து வாங்கியதாக அவருக்கு நினைவில்லை.

அன்று மாலை அவளுடைய தம்பி வந்தான். பல் டாக்டர். அவனுடைய கிளினிக் அவளுடைய பள்ளிக்கு நேர் எதிரே. மதியத்தில் அக்கா அங்கே போய்த் தேநீர் குடிப்பதும், மாலையில் தம்பி இங்கே வந்து காபி குடிப்பதும் வழக்கம். வந்தவன் மேசையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"பிரமாதமான மெஷின் அத்தான்" என்றான் கடைசியில். "இதைவிட லேசா கிடைக்காது."

"உன் அக்காவோட தேர்வு மாப்ளே."

"அக்காவுக்கு எப்பவும் நல்ல யோசனை வரும்" என்றான் அவன்.

முதல் வாரம் ஆய்வாளர் மிதந்தார் என்றே சொல்ல வேண்டும். லேப்டாப்பை ஒரு கோப்பு போலக் கக்கத்தில் செருகிக்கொண்டு ஏழு மாடி ஏறினார். மெக்கானிக் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்போது அவர் மோட்டார் அறை வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இதுவரை நடக்காத காரியம். வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்பாள்: "தோள் எப்படி இருக்கு?" அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். அவள் முகம் மலரும். மறுநாள் அது ஆசிரியர் அறை முழுக்கப் பரவும்.

மரியாதைதான் கொஞ்சம் குறைந்தது. ஒரு வணிக வளாகத்தின் மேலாளர் அவரை மேலும் கீழும் பார்த்து, "கம்ப்யூட்டர் எங்க சார்?" என்றார்.

"இதுதான்."

"இது உங்க பொண்ணோடதுன்னு நினைச்சேன்."

அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் அறுபத்தாறு பேர் விவகாரம் தலைமை ஆய்வாளரின் மேசைக்குப் போய்விட்டது. அந்த அம்மா அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிரே இருப்பவர் அதிகம் பேச மாட்டார்.

"அறுபத்தாறு பேர்" என்றார் அவர், சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து. "கல்யாணமே நடத்தலாம் போல இருக்கே."

"கை தவறிடுச்சு மேடம். விசை ரொம்பச் சின்னது."

"குண்டன் என்ன ஆனான்?"

"அலமாரியில இருக்கு மேடம். இது வீட்டம்மா கொடுத்தது."

தலைமை ஆய்வாளர் முதல்முறையாக அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அப்போ சிக்கல்தான். மாசக் கடைசியில புது ஆஸ்பத்திரி லிஃப்ட் சோதனைக்கு நானும் வரேன். அங்க எதாவது தப்பு நடந்தா, அதுக்கப்புறம் நீங்க மேல ஏற வேண்டாம். கீழ ஆவண அறை காலியா இருக்கு."

ஆவண அறை அடித்தளத்தில் இருந்தது. அங்கே லிஃப்டும் போகாது. வாழ்நாளில் பாதியை ஊரின் மிக உயரமான இடங்களில் கழித்த மனிதருக்கு, காற்றுகூட இறங்க யோசிக்கும் அந்த அறை ஒத்துவராது.

மறுபடியும் குண்டனைத் தூக்குவதுதான் நியாயமான வழி. அதற்கு மனைவியிடம் உன் பரிசு சரிப்படவில்லை என்று சொல்ல வேண்டும். அன்று மாலை அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"தோள் எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் மச்சினனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் சொன்னார். வேறு நாற்காலி காலியாக இல்லை.

"விசைதானே பிரச்சினை?" என்றான் அவன். "லேப்டாப்பைப் பிடுங்க வேண்டாம் அத்தான். வெளியே ஒரு கீபோர்டு சொருகிக்கலாம்." அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்தான். "கிளினிக்ல சும்மாதான் கிடக்கு. வச்சுக்கோங்க."

கீபோர்டு அருமையாக இருந்தது. ஒவ்வொரு விசையும் பல் போல எடுப்பாக நின்றது. லேப்டாப்பைப் போல ஒன்றரை மடங்கு நீளம் என்பதுதான் ஒரே குறை. இரண்டையும் சேர்த்து வைத்தபோது சைக்கிள் பின்னால் மாட்டுவண்டியைக் கட்டியது போல இருந்தது. சரி, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்தார்.

அடுத்த கட்டடத்தில்தான் தெரிந்தது, இந்த லேப்டாப்புக்கு மொத்தமே ஒரு துவாரம்தான். அதில் கீபோர்டைச் செருகினால் வேகம் அளக்கும் கருவிக்கு இடமில்லை. கருவியைச் செருகினால் கீபோர்டு வெளியே. இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தபோது மின்சாரம் தீர்ந்து லேப்டாப்பே படுத்துவிட்டது. மின்னூட்டிக்கும் அதே துவாரம்தான்.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றான் மச்சினன். "ஒரு வாய் இருக்கிற இடத்துல நாலு வாய் வச்சிடலாம்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் நான்கு துவாரம்.

"இதுவும் சும்மா கிடந்ததா மாப்ளே?"

"ஆமா அத்தான். எதுக்கோ வாங்கினது."

நான்கு வாயும் சேர்ந்து லேப்டாப்பின் மின்சாரத்தைக் குடித்ததில், காலையில் தொடங்கினால் பத்தரைக்கு எல்லாம் முடிந்தது. அதற்கு மச்சினனிடமிருந்து ஒரு சேமிப்பு பேட்டரி வந்தது. செங்கல் அளவு, செங்கல் கனம். திரையில் எழுத்து எறும்பு போல இருக்கிறது என்றதும் மடக்கும் திரை ஒன்று வந்தது. கேட்டு வாய் மூடுவதற்குள் அவன் எடுத்துக் கொடுத்தான். இப்படியொரு மச்சினன் யாருக்குக் கிடைப்பான் என்று ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார்.

இந்தச் சாமான்களை வீட்டுக்குள் கொண்டு போக முடியாது. ஒரு பெரிய பையில் போட்டுக் கீழே காவலாளியின் அறையில் வைத்தார். காலையில் மனைவி பால்கனியிலிருந்து பார்க்கும்போது, கக்கத்தில் லேப்டாப்பை மட்டும் வைத்துக்கொண்டு வாலிபனைப் போல நடப்பார். மூலை திரும்பியதும் சுற்றி வந்து பின்வாசல் வழியாகப் பையைத் தூக்கிக்கொள்வார்.

"இது என்ன சார் பை?" என்று காவலாளி ஒரு நாள் கேட்டார்.

"லேப்டாப்போட சாமான்."

காவலாளி அந்தச் சின்ன லேப்டாப்பையும் பெரிய பையையும் மாறி மாறிப் பார்த்தார். "கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போறவங்களும் அப்படித்தான் சார். குழந்தை கையளவுதான் இருக்கும். பையைத் தூக்கத்தான் ஆள் வேணும்."

இத்தனைக்கும் பிறகு புதிதாக ஒரு தொல்லை முளைத்தது. லேப்டாப் நகர ஆரம்பித்தது. நான்கு வாயிலும் வயர் செருகியதில், விறைத்த வயர்கள் அந்த எண்ணூறு கிராமைப் பிடித்து இழுத்தன. கீபோர்டில் ஒரு வரி தட்டினால் லேப்டாப் இரண்டு விரற்கடை தள்ளிப் போகும். மோட்டார் அறையின் மின்விசிறியைப் போட்டால் இன்னும் சுறுசுறுப்பாகப் போகும். ஒரு முறை, எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் மேசை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

மச்சினன் காந்தம் வைத்த தாங்கி ஒன்றைக் கொடுத்தான். அது இரும்புப் பெட்டிமேல் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் காந்தம் பக்கத்தில் வந்ததும், மூடியைச் சாத்திவிட்டார்கள் என்று நினைத்து லேப்டாப் தூங்கிவிட்டது. எழுப்பினால் விழித்தது. தட்டினால் தூங்கியது.

"ஆமாம், அது தூங்கத்தான் செய்யும்" என்று மச்சினனே ஒப்புக்கொண்டான். "அதுக்கு மட்டும் எனக்கு வழி தெரியல அத்தான்."

கடைசியில் வழியைக் கண்டுபிடித்தது ஆய்வாளரின் சொந்த மூளை. பத்தொன்பது வருடமாக அவர் பார்த்துவரும் ஒவ்வொரு லிஃப்டுக்கும் மறுமுனையில் ஒரு எதிரெடை தொங்குகிறது. அது இல்லாவிட்டால் லிஃப்ட் நிலையாக நிற்காது. லிஃப்டுக்கு இருக்கும்போது லேப்டாப்புக்கு ஏன் இருக்கக் கூடாது? சோதனைக்கு வைத்திருந்த இரண்டு கிலோ இரும்புக் கட்டி ஒன்றை எடுத்து, நாடாவால் லேப்டாப்பின் பின்பக்கம் கட்டினார். அது பாறை போல நின்றது. அன்று முழுக்க அவருக்குத் தன்மேல் பெரிய மரியாதை வந்தது.

இரண்டு நாளில் இடது தோள் வலிக்க ஆரம்பித்தது. வலது தோளைக் காப்பாற்ற அவர் பையை இடது பக்கம் மாட்டியிருந்தார்.

"மறுபடியுமா?" என்று மனைவி பதறினாள். "இவ்வளவு லேசா இருந்துமா?"

"இது வேற. தலையணை சரியில்ல."

அவள் தலையணையை மாற்றினாள். பிறகு லேப்டாப்பைத் துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். "இது உங்க கையில இருக்கிறதைப் பார்த்தாலே எனக்கு நிம்மதியா இருக்குங்க."

இதைக் கேட்ட பிறகு எந்த மனுஷன் உண்மையைச் சொல்வான்?

ஆஸ்பத்திரி சோதனை நாள் வந்தது. நோயாளியைப் படுக்கையோடு ஏற்றும் பெரிய லிஃப்ட். ஆயிரம் கிலோ தாங்கும். விதி எளிது: ஆயிரம் கிலோ வரை மணி மூச்சு விடக் கூடாது. அதற்கு மேல் போனால் அடிக்க வேண்டும்.

"ஆயிரத்துக்கு மேல அஞ்சு கிலோ ஏறினா கத்தும் மேடம்" என்றார் மெக்கானிக். நாற்பது வயது, வேலையில் கர்வி. "நூல் பிடிச்ச மாதிரி வச்சிருக்கேன். காலையில நானே பார்த்தேன்."

தலைமை ஆய்வாளர் வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வராந்தாவில் நோயாளிகளும் உறவினர்களும் போய்வந்துகொண்டிருந்ததால், யாரும் தடுக்கி விழக் கூடாது என்று ஆய்வாளர் தன் பையை லிஃப்டின் மூலையில் வைத்தார். ஆட்கள் இருபது கிலோ இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார்கள். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பதாவது கட்டியை வைத்ததும் மணி அடித்தது.

மெக்கானிக்கின் முகம் சுண்டிவிட்டது. "இருங்க மேடம், சின்ன விஷயம்" என்று திருப்புளியால் எடைக் கருவியின் பெட்டியைத் திறந்தார். திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். மணி நின்றது.

"சரி, இப்போ அஞ்சு கிலோ கூட வைங்க" என்றார் தலைமை ஆய்வாளர்.

அதற்குள் குறிப்பு எழுத வேண்டும் என்று ஆய்வாளர் தன் பையை வெளியே எடுத்து, ஒரு ஸ்டூல் மேல் எதிரெடையோடு லேப்டாப்பை நிறுத்தியிருந்தார். ஐந்து கிலோ வைத்தார்கள். மணி அடிக்கவில்லை. பத்து கிலோ வைத்தார்கள். அப்போதும் லிஃப்ட் மௌன விரதம்.

"இப்போ ஏன் கத்தல?" என்றார் தலைமை ஆய்வாளர்.

மெக்கானிக் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் இறுக்கினார். கூடுதல் கட்டிகளை இறக்கினார்கள். ஆய்வாளர் எழுதி முடித்து, எல்லாவற்றையும் பையில் அடைத்து, பத்திரமாக மூலையில் கொண்டுபோய் வைத்தார். மணி அடித்தது.

இந்தக் கதை மூன்று சுற்று நடந்தது. கீழ்த்தளத்தில் ஒரு நோயாளி படுக்கையோடு காத்திருந்து, பிறகு எழுந்து படிக்கட்டில் நடந்தே வந்து, நலமாகத்தான் இருக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக் லிஃப்ட் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், இருபது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். இந்த லிஃப்டுக்கு என்னமோ பிடிச்சிருக்கு."

தலைமை ஆய்வாளர் எழுந்தார். லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிகளை ஒருமுறை எண்ணினார். பிறகு மூலையைக் காட்டினார்.

"அந்தப் பை யாரோடது?"

"என்னோடது மேடம்."

"அதைத் தூக்கி அந்தத் தராசுல வைங்க."

நோயாளிகளை எடை பார்க்கும் தராசு பக்கத்திலேயே இருந்தது. முள் ஆறு கிலோ நூறில் நின்றது.

"உள்ள என்ன இருக்கு?"

"லேப்டாப் மேடம்."

"எது, அந்த எண்ணூறு கிராமா?"

"ஆமா மேடம்."

"மீதி அஞ்சு கிலோ முந்நூறு?"

"அதெல்லாம் அந்த எண்ணூறு கிராமுக்காக மேடம்."

தலைமை ஆய்வாளர் பையைத் திறந்து, சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்திலிருந்த தள்ளுபடுக்கையில் வைத்தார். கீபோர்டு, நான்கு வாய்ப் பெட்டி, செங்கல், மடக்குத் திரை, காந்தத் தாங்கி, பாம்புக் கூட்டம் போல வயர்கள். அந்த வழியாகப் போன நர்ஸ் நின்று, "இது எந்த ஆபரேஷனுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கடைசியாக இரும்புக் கட்டி வந்தது.

"இது?"

"லேப்டாப் ரொம்ப லேசு மேடம். நகர்ந்துக்கிட்டே இருக்கு. அதனால..."

"லேசா இருக்குன்னு வாங்கினீங்க."

"ஆமா மேடம்."

"லேசா இருக்குன்னு இரும்பைக் கட்டினீங்க."

"ஆமா மேடம்."

மெக்கானிக் பார்த்த பார்வையில் வீணாய்ப் போன மூன்று மணி நேரமும் இருந்தது.

"திங்கட்கிழமை குண்டனோட வாங்க" என்றார் தலைமை ஆய்வாளர். "இந்தப் பொருள் இன்னொரு தடவை என் கண்ணுல பட்டா, நேரா ஆவண அறைக்குப் போயிடுங்க. என்கிட்ட சொல்லக்கூட வேண்டாம்."

வேலை தப்பியது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் மனைவியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் செதுக்கிக்கொண்டே நடந்தார். அலுவலகத்தில் தடை போட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம். சொன்னால், வீட்டிலாவது வைத்துக்கொள்ளுங்கள் என்பாள். தினமும் மேசைமேல் அது கிடந்து அவரைப் பார்க்கும். தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். ஒரு மாதம் சாப்பிட மாட்டாள். கடைக்கே திருப்பிக் கொடுத்தால்? அப்போதும் லேப்டாப் எங்கே என்ற கேள்வி வரும்.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை மச்சினன் இரண்டாவது கிளினிக் திறக்கிறான் என்பது நினைவுக்கு வந்தது.

நடந்துகொண்டிருந்தவர் தெருவிலேயே நின்றுவிட்டார். எல்லாக் கோணத்திலும் கச்சிதமாகப் பொருந்தியது. தம்பி ஆசைப்பட்டான், மறுக்க மனசு வரவில்லை என்றால் மனைவி ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவளால் தம்பிக்கு இல்லையென்று எதையும் சொல்ல முடியாது. அவனும் முதல் நாளிலிருந்தே இந்த லேப்டாப்பைப் புகழ்ந்துகொண்டிருக்கிறான். அதைவிட முக்கியம், இதற்கு வேண்டிய சாமான் அத்தனையும் அவனுடையதே. லேப்டாப் ஒன்றுதான் குறை.

சனிக்கிழமை மனைவி பள்ளிக்குச் சிறப்பு வகுப்பு எடுக்கப் போன பிறகு, பரண்மேல் இருந்த பழைய பெட்டியை எடுத்து லேப்டாப்பை அதில் வைத்தார். பெட்டியின் அடியில் கடையின் பெயர் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத் தெரு முனைக் கடைதான். மனசாட்சிக்காக முதலில் திருப்பித் தரத்தான் முயன்றார்.

"பிரிச்ச சாமானைத் திரும்ப எடுக்கிறதில்ல சார்" என்றார் கல்லாவில் இருந்தவர், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல். "குறை எதாவது உண்டா?"

"குறைன்னு இல்ல. ரொம்ப லேசா இருக்கு."

கல்லாக்காரர் அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்தார்.

"சரி, பரிசுக் காகிதம் சுத்தித் தருவீங்களா?"

"அதோ, அந்த மேசையில."

மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மா வண்ணத் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்து எதையோ வெட்டிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் பெட்டியை அவர் முன்னால் வைத்தார். வைத்த மாத்திரத்தில் பல நாள் பாரம் இறங்கியது போல இருந்தது. இரண்டு தோளும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டதாகக்கூட அவருக்குத் தோன்றியது.

"நல்ல தாளா பார்த்துப் போடுங்கம்மா. புதுசு மாதிரி இருக்கணும்."

"போட்டுடலாம் சார்" என்று அந்த அம்மா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பினார். ஒரு மூலையில் ஏற்கெனவே ஒட்டியிருந்த நாடாவை விரலால் தடவிப் பார்த்தார். "அட்டையில என்ன எழுதணும்? யாருக்கு?"

"பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல இருக்காரே, பல் டாக்டர். அவருக்கு. என் மச்சினன்தான்."

அந்த அம்மா கத்தரிக்கோலை மெதுவாக மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு பெட்டியை அவர் பக்கமே நகர்த்தினார்.

"அவருக்கு மட்டும் வேண்டாம் சார். பல் டாக்டர் இதை அவங்க அக்காவுக்குக் கொடுக்கணும்னு கொண்டு வந்தப்பவும் நான்தான் கட்டினேன், அந்த அக்கா இதைத் தன் வீட்டுக்காரருக்குக் கொடுக்கணும்னு கொண்டு வந்தப்பவும் நான்தான் கட்டினேன்."